குழந்தை கஸ்டடி வழக்கு: மகளைப் பார்க்கவே முடியவில்லை, முதலில் என்ன மனு போட வேண்டும்?

மகளின்அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே மற்றவர்கள் எழுதுவதை ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் எழுதத் தைரியம் வந்தது. எனக்கு ஒரு மகள், 6 வயது முடிந்து 7 நடக்கிறது. நானும் மனைவியும் பிரிந்துவிட்டோம். அவர் குழந்தையோடு வேறு மாவட்டத்தில் இருக்கும் தன் பெற்றோர் வீட்டுக்குப் போய், அங்கேயே பள்ளியிலும் சேர்த்து, அங்குள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து மனுவும் போட்டுவிட்டார். சம்மன் வந்துவிட்டது, அடுத்த மாதம் முதல் வாய்தா.

விவாகரத்தைப் பற்றி நான் இங்கே கேட்கவில்லை. அது எப்படி முடிந்தாலும் ஏற்றுக்கொள்வேன். மகளைப் பார்த்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது. போன் செய்தால் எடுப்பதில்லை, என் எண்ணை பிளாக் செய்திருப்பார்கள் போல. பிறந்ததிலிருந்து அவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது பெரும்பாலும் நான்தான். அவளுக்கு மூச்சிரைப்பு வரும், இன்ஹேலரை ஸ்பேசர் வைத்து எப்படிக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் முதலில் சொல்லிக்கொடுத்ததே எனக்குத்தான். இப்போது யார் கொடுக்கிறார்கள், சரியாகக் கொடுக்கிறார்களா என்று ஒன்றும் தெரியாமல் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அப்பாவுக்குக் குழந்தையைக் கொடுக்கவே மாட்டார்கள், வீண் செலவு என்கிறார் ஒருவர். 5 வயது தாண்டிவிட்டால் சட்டப்படி அப்பாவுக்குத்தான், தைரியமாகப் போடு என்கிறார் இன்னொருவர். என் மாமா, நீ பெற்ற பிள்ளைதானே, பள்ளி வாசலில் போய் நின்று கூட்டிக்கொண்டு வந்துவிடு, அப்புறம் அவர்கள் கோர்ட்டுக்கு அலையட்டும் என்கிறார். செலவுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தினால் தானாகப் பேச வருவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் இன்னும் நிறுத்தவில்லை.

கஸ்டடிக்குத் தனி மனு போட வேண்டுமா, விவாகரத்து வழக்கிலேயே கேட்கலாமா? என் ஊரில் போட முடியுமா? நீதிபதி குழந்தையைக் கூப்பிட்டு யார் வேண்டும் என்று கேட்பாரா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கறுப்புஅங்கி:

நண்பரே, நான் குடும்ப நல நீதிமன்றங்களில் பல வருடமாக வக்கீலாக இருக்கிறேன். உங்கள் கோப்பைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும். ஆனால் ஒன்றை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி வாசலுக்குப் போகாதீர்கள். பெற்ற தகப்பன் கூட்டிப்போனால் உடனே கடத்தல் கேஸ் ஆகிவிடாது என்று யாராவது சொல்வார்கள். அது இங்கே முக்கியமே இல்லை. குழந்தை இப்போது அங்கே பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அதை நீங்கள் ஒரே நாளில் பிடுங்கினால், அடுத்த வாரம் அவர்கள் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவார்கள், நீங்கள் குழந்தையோடு அங்கே போய் நிற்க வேண்டியிருக்கும். அதுவரை நல்ல அப்பாவாக இருந்த நீங்கள், குழந்தையைப் பயமுறுத்தித் தூக்கிப்போனவர் என்ற பெயரோடு வழக்கை ஆரம்பிப்பீர்கள். கஸ்டடி வழக்கு முடியும்வரை அந்த ஒரு நாளைப் பற்றியே கேள்வி வரும்.

5 வயதுக் கணக்கு பாதி உண்மை. 1956-ம் வருட இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவு, 5 வயது முடியாத குழந்தை வழக்கமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதைத் தாண்டினால் தகப்பனுக்குத் தானாக வந்துவிடும் என்று எங்கும் இல்லை. அதே சட்டத்தின் 13-வது பிரிவு குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது, தீர்ப்புகள் நிற்பது அதன்மேல்தான். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. ஆகவே 'சட்டப்படி எனக்குத்தான்' என்ற எண்ணத்தோடு உள்ளே போகாதீர்கள், நீதிபதி முன்னால் அது எடுபடாது. அப்பாவுக்குக் கிடைக்கவே கிடைக்காது என்பதும் தப்பு. கொடுத்த தீர்ப்புகள் நிறைய உண்டு.

எங்கே போடுவது என்றால், 1890-ம் வருட காப்பாளர் மற்றும் காப்பிளவர் சட்டத்தின்படி தனி மனு போட்டால் (எங்கள் பேச்சில் ஜி.டபிள்யூ.ஓ.பி.), குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் போட வேண்டும், அது 9-வது பிரிவு. உங்கள் ஊரில் போட்டால், குழந்தை இங்கே வசிக்கவில்லை என்ற ஒரே ஆட்சேபத்தில் பல மாதம் ஓடிவிடும். குழந்தை அங்கே போய்க் கொஞ்ச நாள்தான் ஆகிறது, வழக்கமாக வசிப்பது இன்னும் உங்கள் ஊரில்தான் என்று வாதாட இடம் இருக்கலாம்தான். ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது வாதம் இல்லை, மகளைப் பார்ப்பது. விவாகரத்து வழக்கு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவில் அந்த வழக்குக்குள்ளேயே இடைக்கால மனு, அதாவது ஐ.ஏ., போடலாம். மனு போட்டவர் மட்டும்தான் கேட்கலாம் என்று இல்லை, எதிர்மனுதாரரும் கேட்கலாம்.

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இறுதித் தீர்ப்பில் முழு கஸ்டடி வாங்குவதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள், இடைக்காலத்தில் குழந்தையைப் பார்க்க மனு போடவே மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்து விசாரணை முடியும்போது குழந்தைக்கு அந்த அப்பா கிட்டத்தட்ட அந்நியர். அப்போது குழந்தை 'போக மாட்டேன்' என்று சொன்னால் நீதிபதி என்ன செய்வார்? வழக்கின் உண்மையான சண்டை இடைக்கால மனுவில்தான் நடக்கிறது. முதல் வாய்தாவிலேயே வக்காலத்தோடு அந்த ஐ.ஏ.வும் உள்ளே போகட்டும்.

மனுவில் 'குழந்தையைப் பார்க்க அனுமதி வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால், உத்தரவும் ஒரு வரியில் வரும், அப்புறம் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் சண்டை. விரிவாகக் கேளுங்கள். உதாரணமாக: இரண்டாவது, நான்காவது ஞாயிறு காலை 10 மணி முதல் மாலை 5 வரை, ஒப்படைக்கும் இடம் இன்னது, அழைத்து வருபவர் தாய் அல்லது அவர் குறிப்பிடும் ஒருவர் மட்டும், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அதற்கு அடுத்த ஞாயிறு ஈடு, புதன், வெள்ளி மாலை 7 முதல் 7.20 வரை வீடியோ கால், அந்த நேரத்தில் போனைக் குழந்தையிடம் கொடுத்துவிட வேண்டும், பிறந்தநாளில் இரண்டு மணி நேரம், பள்ளி விடுமுறையில் பாதி, பள்ளியின் மதிப்பெண் அட்டையும் மருத்துவச் சீட்டும் இரண்டு பேருக்கும் நகல். கேட்டதெல்லாம் கிடைக்காது. முதலில் நீதிமன்ற வளாகத்திலேயே சில மணி நேரம் என்றுகூட வரலாம். அதை வாங்கிக்கொள்ளுங்கள், அங்கிருந்து மெல்ல நகர்த்தலாம். காப்பாளர் பொறுப்பு கிடைக்காத பெற்றோருக்கும் குழந்தையோடு போதிய தொடர்பு இருக்க வேண்டும், நேரில் முடியாதபோது வீடியோ காலாவது வேண்டும் என்று யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும், நினைவுபடுத்துங்கள்.

பணத்தை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பராமரிப்பும் பார்வை உரிமையும் (குழந்தையைச் சந்திக்கும் உரிமை) தனித்தனி, ஒன்றைப் பிடித்துவைத்து இன்னொன்றை வாங்க முடியாது. வங்கி வழியாகவே அனுப்புங்கள், 'பள்ளிக் கட்டணம்', 'மருந்து' என்று குறிப்பும் போடுங்கள். ரஜ்னேஷ் - நேஹா வழக்கின் 2020 தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரண்டு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், அதையும் உண்மையாகத் தயாரித்து வையுங்கள்.

அந்த இன்ஹேலர் விஷயத்தை மனுவில் கட்டாயம் எழுதுங்கள். மருந்துச்சீட்டுகளில் துணைக்கு வந்தவர் பெயர், டாக்டரோடு நீங்கள் பேசிய மெசேஜ், பள்ளியில் அவசர எண்ணாக உங்கள் எண் பதிந்திருந்த படிவம், பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் போட்ட கையெழுத்து எல்லாவற்றையும் சேருங்கள். 'நான் பாசமான அப்பா' என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்தத் தாள்கள் பேசும்.

புயல்வேகம்:

வக்கீல் சார் சொல்வதெல்லாம் புத்தகத்தில் நன்றாக இருக்கும். நடைமுறையில் ஆண்களுக்கு இந்த நாட்டில் நியாயமே கிடையாது. நீங்கள் மென்மையாகப் போனால் ஏறி மிதிப்பார்கள். உங்கள் மனைவியின் நடத்தையைப் பற்றிக் கவுன்டரில், அதாவது பதில் மனுவில், போட்டுத் தாக்குங்கள், இருக்கிறதோ இல்லையோ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவர்கள் குடும்பத்தில் இரண்டு பேர் மேல் போலீஸ் புகார் கொடுங்கள். பயம் வந்தால்தான் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். நான் என் வழக்கில் அப்படித்தான் செய்தேன்.

தாமரைஇலை:

புயல்வேகம் சார், உங்களுக்கு வலி இருக்கிறது, புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்வதை நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அனுபவித்தவள். என்னைப் பற்றிக் கவுன்டரில் எழுதியிருந்ததைப் படித்த ராத்திரி, இனி இந்த மனிதரிடம் என் பையனை ஒரு நிமிஷம்கூட அனுப்ப மாட்டேன் என்று முடிவு செய்தேன். அதுவரை அனுப்பலாமா என்ற யோசனையில்தான் இருந்தேன். அந்தப் பத்தியால் அவருக்குக் கிடைத்தது அதுதான்.

மகளின்அப்பா சார், உங்கள் மனைவி ஏன் போனை எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியாது, அதில் நான் நுழையவும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஓடக்கூடியது என்ன என்று மட்டும் சொல்கிறேன். குழந்தையை அனுப்பினால் திருப்பிக் கொண்டு வருவாரா என்ற பயம். அது ஒன்றுதான் பெரிய பயம், மற்றதெல்லாம் அப்புறம். அதனால் உங்கள் மாமா சொன்ன யோசனை எந்த வழியாகவாவது அவர்கள் காதுக்குப் போயிருந்தால் போன் பிளாக் ஆனதில் ஆச்சரியமே இல்லை. வாட்ஸ்அப் குழுக்களில் சொந்தக்காரர்கள் பேசுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்களுக்கு முதலில் நீதிமன்றத்திலேயே இருக்கும் குழந்தைகள் அறையில்தான் சந்திப்பு கொடுத்தார்கள். சின்ன அறை, கால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் குதிரை, சுவரில் மங்கிப்போன படங்கள், ஒரே நேரத்தில் நாலு குடும்பம். என் பையன் முதல் தடவை அப்பா மடியில் உட்காராமல் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவன் அப்பா அன்றைக்குச் செய்த ஒரு காரியத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. 'வா, வா' என்று இழுக்கவில்லை. அம்மா என்ன சொல்லிக்கொடுத்தாள் என்று கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த காகிதத்தில் தானே படம் வரைய ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பையன் போய், அது பஸ் மாதிரி இல்லை என்று திருத்தினான். அப்புறம் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்தடுத்த வாரங்களில் அவர் நேரத்துக்கு வந்தார், நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தார். வர முடியாத நாளில் முன்கூட்டியே மெசேஜ் அனுப்பினார். அதைப் பார்த்துதான் வெளியே அழைத்துப்போக நானே சம்மதம் சொன்னேன், நீதிபதி சொல்லி இல்லை. எங்களுக்குள் கோபம் இன்றைக்கும் தீரவில்லை, பேசிக்கொள்வதுகூட மெசேஜில் மட்டும்தான். ஆனால் பையன் விஷயத்தில் ஏற்பாடு ஓடுகிறது.

குடும்ப நல ஆலோசகரிடம் அனுப்புவார்கள், சமரச மையத்துக்கும் அனுப்பலாம். அங்கே போய்ப் பழைய கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லாதீர்கள். யாரோடு பேசினாலும் மகள், மகள் என்றே பேசுங்கள். அவளுடைய பள்ளி, அவளுடைய மூச்சிரைப்பு, அவளை எப்போது பார்ப்பது. சேர்ந்து வாழ்வீர்களா, மாட்டீர்களா என்ற கேள்வி முடிவாகாவிட்டாலும், குழந்தையைப் பற்றி மட்டும் ஓர் ஒப்பந்தம் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு நீதிபதியிடம் கொடுக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இரண்டுவீட்டுப்பிள்ளை:

நான் இங்கே அம்மாவாகவும் எழுதவில்லை, அப்பாவாகவும் எழுதவில்லை. என் அப்பா அம்மா வழக்கில் அந்தக் குழந்தை நான்தான். இப்போது வேலைக்குப் போகிறேன்.

நீதிபதி குழந்தையைக் கூப்பிடுவாரா என்று கேட்டிருந்தீர்கள். கூப்பிடலாம். கூண்டில் ஏற்ற மாட்டார்கள், அவருடைய அறையில் உட்காரவைத்துப் பேசுவார்கள், அப்பா அம்மா வக்கீல் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். எனக்கு அப்போது 9 வயது. என்ன வகுப்பு, பிடித்த டீச்சர் யார், காலையில் யார் எழுப்பிவிடுகிறார்கள், வீட்டுப்பாடம் யாரோடு உட்கார்ந்து செய்வாய், ராத்திரி பயந்தால் யாரைக் கூப்பிடுவாய் என்றுதான் கேட்டார். யார் வேண்டும் என்று நேராகக் கேட்கவே இல்லை. நான்தான், அவர் கேட்காமலேயே, வீட்டில் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைக் கடகடவென்று ஒப்பித்தேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, இதை எப்போது மனப்பாடம் செய்தாய் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்றால் உள்ளே போகும் முன்பு வாசலில் வைத்து, இதைச் சரியாகச் சொல்லாவிட்டால் உன்னை இனிமேல் பார்க்கவே விட மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எந்தப் பக்கத்தில் சொன்னார்கள் என்பதை எழுத விருப்பமில்லை, இரண்டு பக்கமும் அவரவர் முறைக்குச் செய்தார்கள்.

சார், உங்கள் மகளிடம் பேசக் கிடைக்கும் நேரத்தில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். 'அம்மாவிடம் இதைச் சொல்' என்று தூது விடாதீர்கள். பாட்டி வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்று விசாரிக்காதீர்கள். 'அப்பா தனியா இருக்கேன்' என்றுகூடச் சொல்லாதீர்கள், அன்று ராத்திரி முழுக்க அவள் அதை நினைத்துக்கொண்டிருப்பாள். நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புயல்வேகம் சொன்ன 'இருக்கிறதோ இல்லையோ எழுது' என்ற விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு 18 வயது ஆன பிறகு, ஏதோ சான்றிதழ் தேடி பீரோவைத் திறந்தபோது வழக்குக் கட்டு கிடைத்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். என் அம்மாவைப் பற்றி என் அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும், அப்பாவைப் பற்றி அம்மா கொடுத்ததும். அவர்கள் இரண்டு பேரும் அதையெல்லாம் மறந்துகூட இருப்பார்கள். எனக்கு அந்தப் பக்க எண்கள் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. பதில் மனுவில் ஒவ்வொரு வரியும் எழுதும்போது இதை உங்கள் மகள் வாசிப்பாள் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். உண்மையாகவே ஆபத்து இருந்தால், அடி, குடி, துன்புறுத்தல் என்று இருந்தால், அதைக் கட்டாயம் எழுத வேண்டும், மறைத்தால் குழந்தைதான் மாட்டிக்கொள்ளும். இல்லாததை எழுதாதீர்கள்.

ஜன்னல்ஓரம்:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களுடையது கிறிஸ்தவத் திருமணம். நான் அம்மா, கணவர் பையனைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்ப மறுக்கிறார். வக்கீல் வைக்கவும் கையில் பணம் இல்லை. எனக்கும் இதே வழிதானா?

கறுப்புஅங்கி:

மேடம், இதில் மன்னிப்புக்கு என்ன இருக்கிறது. 1890-ம் வருடச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது, அதன்கீழ் நீங்கள் மனு போடலாம். 25-வது பிரிவில் குழந்தையைத் திருப்பி ஒப்படைக்கக் கேட்பது, 12-வது பிரிவில் இடைக்காலப் பொறுப்பு கேட்பது. விவாகரத்து வழக்கு நடந்தால் 1869-ம் வருட விவாகரத்துச் சட்டத்தின் 41-வது பிரிவில் அதற்குள்ளேயே கேட்கலாம். சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தவர்களுக்கு அதில் 38-வது பிரிவு இருக்கிறது. கணவர் வீட்டில் வன்முறை நடந்திருந்தால் 2005-ம் வருட குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டே தற்காலிகப் பொறுப்பு கொடுக்க முடியும்.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேராகப் போய் எழுதிக் கொடுங்கள், அல்லது 15100 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பையனுக்கு என்ன வயது என்று சொல்லவில்லையே. 5-க்குள் என்றால் நாளைக்கே போங்கள்.

மகளின்அப்பா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டுவீட்டுப்பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு, மாமா இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இனி இந்த வழக்கைப் பற்றி யாரும் எழுத வேண்டாம் என்று போட்டுவிட்டேன். மாமாவுக்குக் கோபம்தான், பரவாயில்லை.

இன்னும் சில சந்தேகங்கள். குழந்தை போனில் முன்பு அழுததை நான் பதிவு செய்து வைத்திருக்கிறேன், மனைவி என்னோடு சண்டை போட்டதும் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா? ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் போக வேண்டுமா, ரொம்ப தூரம், விடுப்பு கிடைப்பது கஷ்டம். அப்புறம் உத்தரவு வாங்கியும் அவர்கள் குழந்தையைக் கொண்டு வராவிட்டால் என்ன செய்வது?

கறுப்புஅங்கி:

பதிவுகள் விஷயத்தில், கணவன் மனைவி பேசியதை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. அதனால் மனைவியோடு நடந்த சண்டையைக் கொடுக்க வழி இருக்கிறது. கொடுக்க வேண்டுமா என்பது வேறு. அந்தப் பதிவில் உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று முழுதாகக் கேட்டுப் பாருங்கள், நீதிபதியும் முழுதாகத்தான் கேட்பார். குழந்தை அழுத பதிவைக் கொடுக்காதீர்கள். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்தாமல் பதிவு செய்துகொண்டிருந்தாரே என்று எதிர் வக்கீல் ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். இனிமேலும் குழந்தையோடு பேசும்போது பதிவு வேண்டாம், அவளுக்குத் தெரிந்துவிடும்.

நேரில் போவதைப் பற்றி: குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே உரிமை இல்லை, அனுமதி கேட்டு மனு போட்டுத்தான் வைக்கிறோம். அதனால் கட்சிக்காரர் வரவில்லை என்றால் மற்ற கோர்ட்டுகளைவிட இங்கே சீக்கிரம் கேள்வி வரும். முதல் வாய்தா, ஆலோசனை, சமரசம், சாட்சி சொல்லும் நாள், இதற்கெல்லாம் கட்டாயம் போங்கள். மற்ற நாட்களுக்கு வக்கீல் மனு போட்டுச் சமாளிப்பார், வீடியோ வழியாக ஆஜராக அனுமதி கேட்டும் பார்க்கலாம். ஆனால் குழந்தைக்காக வழக்கு நடத்துகிறேன் என்பவர் வாய்தாவுக்கு வராமலே இருந்தால் அது நன்றாக இருக்காது. சம்மன் வாங்கியும் போகாமல் விட்டால் எக்ஸ்-பார்ட்டி ஆகிவிடும், அதாவது நீங்கள் இல்லாமலேயே வழக்கு நடந்துவிடும், அதைத் திருப்பிப் போடவே தனி மனு, தனி நாட்கள். வழக்குக்கு எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண், அதாவது வழக்கின் அடையாள எண், ஒன்று இருக்கும், சம்மனில் இல்லாவிட்டால் வக்கீலிடம் கேளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எதற்காக என்று தெரிந்துவிடும், யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

உத்தரவு இருந்தும் கொண்டு வராவிட்டால், அன்றைக்கு அந்த இடத்தில் அந்த நேரத்துக்கு நீங்கள் இருந்தீர்கள் என்பதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். 'வந்துவிட்டேன், காத்திருக்கிறேன்' என்று மரியாதையாக ஒரு மெசேஜ் போதும். அவர்கள் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட வேண்டாம். ஒரு தடவை தவறினால் காரணம் இருக்கலாம், விடுங்கள். தொடர்ந்து நடந்தால் உத்தரவை நிறைவேற்றக் கேட்டு மனு போடலாம், தவறிய நாட்களுக்கு ஈடு கேட்கலாம், நேரத்தைக் கூட்டிக் கேட்கலாம். ஒரு பெற்றோரிடமிருந்து குழந்தையின் மனதைத் திட்டமிட்டுத் திருப்புவதை நீதிமன்றங்கள் சும்மா விடுவதில்லை. விவேக் சிங் - ரோமனி சிங் வழக்கில், 2017-ல், அது குழந்தையை எப்படிப் பாதிக்கும் என்று உச்ச நீதிமன்றம் விரிவாகவே பேசியிருக்கிறது. அதில் குழந்தை அப்பாவிடம் இருந்தது, வெளியே நின்றது அம்மா.

கஸ்டடி உத்தரவு எதுவும் கல்வெட்டு இல்லை. நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம், 1973-ல் ரோசி ஜேக்கப் வழக்கிலேயே இது தெளிவாகிவிட்டது, அது சென்னையிலிருந்து போன வழக்குதான். ஆகவே முதல் உத்தரவில் குறைவாகக் கிடைத்தால் மனம் உடைந்து வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். இறுதித் தீர்ப்பின்மேல் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், அதை மட்டும் தவறவிடக் கூடாது.

தாமரைஇலை:

ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். பள்ளி விடுமுறைக்குக் குழந்தையைக் கேட்பதாக இருந்தால் இப்போதே தனி மனுவாகப் போட்டு வையுங்கள் சார். பள்ளி மூடும் நேரத்தில் கோர்ட்டுக்கும் கோடை விடுமுறை வந்துவிடும், அந்தக் கடைசி வாரத்தில் எல்லோரும் இதே மனுவோடு நிற்பார்கள். எங்களுக்கு ஒரு வருடம் உத்தரவு வந்தபோது பள்ளி திறந்துவிட்டது.

அப்புறம் இன்ஹேலர். அதை வழக்கு முடியும்வரை வைத்திருக்காதீர்கள். எப்படிக் கொடுப்பது, எந்த டாக்டர், எது ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதி, குற்றம் சொல்லும் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், வக்கீல் வழியாகவோ தபாலிலோ உங்கள் மனைவிக்கு அனுப்பிவிடுங்கள். எந்த அம்மாவும் அதைக் கிழித்துப் போட மாட்டாள்.

மகளின்அப்பா:

அதை இன்றைக்கே எழுதுகிறேன் மேடம். மருந்துச்சீட்டு நகல்களும் வைக்கிறேன்.

வக்கீல் சார், திங்கட்கிழமை அந்த ஊர் வக்கீல் ஒருவரைப் பார்க்கப் போகிறேன். இடைக்கால மனுவில் பார்வை உரிமையும் வீடியோ காலும் ஒரே மனுவில் கேட்கலாமா, தனித்தனியா?

கறுப்புஅங்கி:

ஒரே ஐ.ஏ.வில் கேட்கலாம், ஆனால் கோரிக்கைகளைத் தனித்தனி வரியாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். நேரில் பார்க்கும் நாட்களுக்கு அவர்கள் ஆட்சேபம் சொன்னாலும், வீடியோ காலை மட்டும் அன்றைக்கே உத்தரவாகக் கொடுக்க நீதிபதிக்கு வசதியாக இருக்கும். விடுமுறை மனு மேடம் சொன்னதுபோல் தனியாக இருக்கட்டும். முழு கஸ்டடி வேண்டும் என்ற கோரிக்கையையும் உங்கள் வக்கீலோடு பேசி வையுங்கள், இப்போதே அதைக் கேட்டுச் சூட்டைக் கிளப்புவதா, சந்திப்புகள் கொஞ்சம் நிலைத்த பிறகு கேட்பதா என்பது அந்த நீதிமன்றத்தை அறிந்தவர் சொல்ல வேண்டியது.

திங்கட்கிழமை போகும்போது சம்மனோடு வந்த மனு நகல், திருமணப் பதிவு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பழைய பள்ளியின் ரசீதுகள், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் எடுத்துப் போங்கள். அவர்கள் கவுன்டர் வந்ததும், எந்தெந்தக் கோரிக்கையை மறுத்திருக்கிறார்கள் என்று பெயர் விவரம் இல்லாமல் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.